வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா டாக்டர்?

ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு வார்த்தை. இந்த எபிசோடு முழுக்கக் குழந்தைகளின் கடைசி நாட்களைப் பற்றியது. இன்னைக்கு இதைக் கேட்கும் மனநிலை இல்லைன்னா நிறுத்திட்டு வேறொரு நாள் வாங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது. நான் சொல்லப்போகும் இரண்டு குழந்தைகளும் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் குழந்தைகள் ஐசியுவில் வேலை பார்க்கும் டாக்டர். இப்போ சென்னையில் இருக்கிறேன். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. ஊர்ப் பேரைச் சொன்னாலே "ஓ, அப்பளமா?" என்பார்கள். ஆமாம், அந்த ஊர்தான். இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்ட இரண்டு பாடமும் அந்த ஊரில்தான் நடந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் பயணம்

2008. நெல்லையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஜூனியர் டாக்டராக இருந்தேன். ஐந்து மாத ஆண் குழந்தை ஒன்று வென்டிலேட்டரில் இருந்தது. எஸ்எம்ஏ டைப் 1 என்கிற மரபணு நோய். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். கழுத்து நிற்காது, கை கால் அசையாது, கடைசியில் மூச்சு இழுக்கும் தசையும் ஓய்ந்துவிடும். ஆனால் அறிவுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் குழந்தையின் உடம்பில் நன்றாக அசைந்தது கண் மட்டும்தான். அம்மா எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தக் கண் பின்னாடியே போகும்.

நிமோனியாவுக்காக மெஷின் வைத்தோம். நிமோனியா சரியானது, மெஷினை எடுக்க முடியவில்லை. அன்றைக்கு இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. பன்னிரண்டாவது நாள் அப்பாவிடம் பணம் தீர்ந்துவிட்டது. சீனியர் டாக்டர் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "இனிமே எங்க கையில ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு படிவம் வந்தது. டாக்டர்கள் சொன்னதற்கு மாறாக, என் சொந்த விருப்பத்தில் குழந்தையை அழைத்துப் போகிறேன் என்று அதில் இருந்தது. அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வீடு கல்லிடைக்குறிச்சியில். "உங்க ஊர்தானேம்மா, நீயே கூடப் போயிட்டு வந்துடு" என்று என்னை அனுப்பினார்கள்.

பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக ஆம்புலன்ஸ் போனது. மூச்சுக்கான பலூனை, ஆம்பு பேக் என்போம், வழி முழுக்கக் கையால் அழுத்திக்கொண்டே வந்தேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்த அதே வயலும் வாய்க்காலும். வீட்டுக்குள் பாயில் படுக்கவைத்தோம். மூச்சுக்குழாயை எடுத்தேன். என் பையில் ஒரு மருந்தும் இல்லை. மூச்சுத் திணறலை மருந்து கொடுத்துத் தணிக்கலாம் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

குழந்தையின் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாங்க: "ஏம்மா, புள்ளைக்கு வலிக்காதுல்லா?"

"வலிக்காது ஆச்சி" என்றேன். எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னேன்.

படிவத்தில் இருந்த பொய்

அந்தப் படிவத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது நாங்கள். அதைக் கேட்டு நடந்தது அந்தக் குடும்பம். ஆனால் காகிதத்தில் அவர்கள் டாக்டர் பேச்சைக் கேட்காதவர்கள். பிள்ளையைக் கைவிட்ட பழி முழுக்க அந்த அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது.

இது அந்த ஒரு ஆஸ்பத்திரியின் கதை இல்லை. நாடு முழுக்க டாக்டர்களுக்கு இது தெரியும். சிகிச்சையை நிறுத்தினால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் எங்களுக்கு. தினமும் ஏறும் பில்லைப் பார்த்து வரும் பயம் குடும்பத்துக்கு. இதோடு இன்னொன்றும் உண்டு: உயிர் வீட்டில்தான் போகணும் என்ற ஆசை. ஆஸ்பத்திரியில் இறந்தால் உடம்பை ஊருக்குக் கொண்டுபோகும் அலைச்சல், செலவு. இது எல்லாம் சேர்ந்து ஒரு முடிவை எடுத்துவிடுகிறது. ஆனால் அதை முடிவு என்று யாரும் சொல்வதில்லை, உட்கார்ந்து பேசுவதும் இல்லை. பேசாததால் வீட்டில் என்ன நடக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. வலிக்கு மருந்தில்லை, கூப்பிட ஒரு போன் நம்பர் இல்லை.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். சிகிச்சையை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற முடிவு நம் ஊரில் தினமும் எடுக்கப்படுகிறது. அதை வாய்விட்டுப் பேசி, எழுதி வைத்து எடுத்தால் குழந்தைக்கு மருந்தும் துணையும் கிடைக்கும். கள்ளத்தனமாக எடுத்தால் எதுவும் கிடைக்காது.

இது கருணைக்கொலையா?

கமென்ட்டில் கண்டிப்பாக வரும் கேள்வி, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம். நாங்கள் பேசுவது வேறு. நோய் குணமாகாது என்ற நிலையில், சாவைத் தள்ளி மட்டும் போடும் மெஷினை ஆரம்பிக்காமல் இருப்பது, அல்லது ஆரம்பித்ததை எடுப்பது. இதைத்தான் செய்தியில் 'பேசிவ் யூதனேசியா' என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், 2018-ல் வெளியிட்ட சொல் விளக்கத்தில் அந்தப் பெயரையே தவிர்க்கச் சொல்லிவிட்டது. ஏனென்றால் அங்கே உயிரை எடுப்பது நோய், டாக்டர் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது? 2011-ல் மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் முதல் கதவைத் திறந்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் உயர் நீதிமன்றம் போய் அனுமதி வாங்கணும் என்றது. 2018 மார்ச் 9-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமைக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. அப்போது சொன்ன நடைமுறையில் கலெக்டர் அமைக்கும் குழு, மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்ப்பது எல்லாம் இருந்தது. நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 2023 ஜனவரி 24-ல் அதை எளிதாக்கினார்கள்.

இப்போ இரண்டு டாக்டர் குழு போதும். முதல் குழுவில் சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது 5 வருஷ அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். இரண்டாவது குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும். ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்லணும். குடும்பத்தின் சம்மதம் வேணும். நடைமுறைப்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகணும். கருத்து வேறுபாடு வந்தால் மட்டும் உயர் நீதிமன்றம்.

பெரியவர்கள் 'எனக்கு இப்படி ஆனால் மெஷின் வேண்டாம்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 18 வயது ஆகாதவர்கள் எழுத முடியாது. குழந்தைக்காக அப்பா அம்மாதான் பேசணும். எங்கள் குழந்தை மருத்துவர் சங்கமான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2017-லேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை, இப்படிக் குழு அமைத்து உட்காரும் ஆஸ்பத்திரிகள் இன்னும் குறைவு. கையெழுத்து வாங்கி அனுப்புவதுதான் சுலபமான வழியாக இருக்கிறது.

ஹைகோர்ட் வாசலில் ஒரு அப்பா

2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு அப்பா வந்தார். பிறக்கும்போதே மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பாதிக்கப்பட்ட மகன். வயது ஒன்பதோ பத்தோ. ஒரு நாளில் பல முறை வலிப்பு வரும். அவனைக் கருணையோடு போகவிடுங்கள் என்று கேட்டார். நீதிபதி என்.கிருபாகரன் இருந்த அமர்வு, பையனைப் பரிசோதிக்க டாக்டர்கள் குழுவை அமைத்தது. அவன் நிரந்தரமாக நினைவிழந்த நிலையில் இல்லை என்று தெரிந்தது. நீதிமன்றம் அனுமதிக்கவில்லை.

சட்டப்படி அந்த முடிவு சரி. அவன் எந்த மெஷினிலும் இல்லை. நிறுத்துவதற்கு இருந்தது சாப்பாடும் வலிப்பு மாத்திரையும்தான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வேறொன்று உறுத்தியது. ஒரு மனுஷன் பத்து வருஷம் பிள்ளையைத் தூக்கிச் சுமந்துவிட்டுக் கோர்ட்டில் வந்து இதைக் கேட்கிறார். இடைப்பட்ட வருஷங்களில் ஒரு நர்ஸ் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போயிருந்தால், ராத்திரி வலிப்பு வந்தால் யாரைக் கூப்பிடணும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், அந்த மனுவை எழுதியிருப்பாரா? சாவைக் கேட்டு வரும் பெற்றோரிடம் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "நீங்க கடைசியா எப்போ ராத்திரி முழுசா தூங்கினீங்க?" என்றுதான்.

வெளிநாட்டில் பிரச்சினை நேர் எதிர்த் திசையில் வரும். லண்டனில் 2017-ல் சார்லி கார்ட் என்ற குழந்தை. அரிய மரபணு நோய். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரி டாக்டர்கள் மெஷினை எடுக்கணும் என்றார்கள். அமெரிக்கா கொண்டுபோய் வைத்தியம் பார்க்கிறோம் என்று பெற்றோர் 13 லட்சம் பவுண்டு திரட்டினார்கள். அங்கே வைத்தியச் செலவு அரசாங்கத்துடையது. அதனால் சண்டை பணத்தைப் பற்றி இல்லை, குழந்தைக்கு எது நல்லது என்பதைப் பற்றி. கோர்ட், மேல் கோர்ட் எல்லாம் டாக்டர்கள் பக்கம் நின்றன. கடைசியில் அந்தப் பெற்றோர் கேட்டது ஒன்றுதான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுவும் நடக்கவில்லை. முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு ஹாஸ்பிஸில் இறந்தான். அங்கேயும் கடைசி ஆசை, கல்லிடைக்குறிச்சி அப்பா கேட்ட அதே வீடுதான்.

நாங்கள் எப்படி முடிவு செய்கிறோம்?

"எல்லாம் பண்ணுங்க டாக்டர்." இதைக் கேட்காத நாளே இல்லை. ஆரம்பத்தில் இதை அப்படியே எடுத்துக்கொண்டு எல்லாம் செய்வோம். நெஞ்சை அழுத்துவோம், விலா எலும்பு உடையும். இப்போ நான், "எல்லாம்னா உங்க மனசுல என்ன இருக்கு?" என்று கேட்கிறேன். பாதிப்பேர் சொல்வது மெஷினை இல்லை. "அவ பயப்படக் கூடாது", "எங்களை விட்டுட்டுத் தனியா இருக்கக் கூடாது", "நாங்க முயற்சி பண்ணலைன்னு ஆயிடக் கூடாது." இந்த மூன்றுக்கும் ஐசியு கதவு பூட்டியிருக்கும் ராத்திரிகள் உதவுவதில்லை.

அப்புறம் எங்கள் தரப்பில் ஒரு ஒப்புதல். நாங்களும் தப்பலாம். 2008-ல் அந்த அப்பாவிடம் எஸ்எம்ஏவுக்கு மருந்தில்லை என்றோம். அன்றைக்கு உண்மை. 2016-க்கு அப்புறம் மூன்று மருந்துகள் வந்துவிட்டன. அதில் ஒன்றுதான் உங்கள் வாட்ஸப்பில் சுற்றிய 16 கோடி ரூபாய் ஊசி. இன்றைக்கு அதே குழந்தை வந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். மருந்தைக் கேட்டு வாங்கும் வழிகளைத்தான் முதலில் பேசுவோம். அதனால் எந்த முடிவையும் ஒரே டாக்டர் தனியாக, ஒரே நாளில் எடுக்கக் கூடாது. இரண்டு குழு என்று சட்டம் சொல்வது எங்களுக்குத் தொந்தரவு கொடுக்க இல்லை. எங்கள் கண்ணுக்குப் படாததை இன்னொருவர் பார்க்கட்டும் என்பதற்காக.

இரண்டாவது பயணம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஏழு வயதுப் பெண் குழந்தை வந்தாள். திடீரென மாறுகண், நடந்தால் தள்ளாட்டம். ஸ்கேனில் மூளைத்தண்டில் கட்டி. டிஐபிஜி என்போம். மூச்சு, விழுங்குதல் எல்லாவற்றையும் ஆளும் இடத்தில் நார் நாராகப் பரவியிருக்கும், அறுத்து எடுக்க முடியாது. ஆறு வாரம் ரேடியேஷன் கொடுத்தால், ஊரில் கரண்ட் வைக்கிறது என்பார்களே அது, சில மாதம் நன்றாக இருப்பார்கள். அப்புறம் திரும்ப வரும். பெரும்பாலான குழந்தைகள் ஒரு வருஷத்தைத் தாண்டுவதில்லை.

அப்பாவுக்குச் சென்னையில் வேலை. தாத்தா ஆச்சி கல்லிடைக்குறிச்சியில். ஊர்க்கார டாக்டர் என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார்கள். இந்தத் தடவை பேச்சை முதல் மாதத்திலேயே ஆரம்பித்தோம். அவள் ஓடி ஆடிக்கொண்டிருந்தபோதே, மூச்சு நிற்கும் நாள் வந்தால் மெஷின் வைக்கலாமா என்று கேட்டேன். அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை. நான்காவது வாரம் அவரே வந்து கேட்டார்: "மெஷின் வச்சா கட்டி கரையுமா டாக்டர்?" கரையாது என்றேன். "அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

குழந்தையிடம் சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய சண்டை. நான் ஒரு ஆய்வைச் சொன்னேன். ஸ்வீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த 449 பெற்றோரைக் கேட்டு 2004-ல் வெளியிட்டது. சாவைப் பற்றிக் குழந்தையிடம் பேசியவர்கள் 147 பேர். பேசினோமே என்று ஒருவர்கூட வருத்தப்படவில்லை. பேசாதவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் பின்னால் வருத்தப்பட்டார்கள். கடைசியில் அந்தப் பேச்சை ஆரம்பித்தது குழந்தைதான். "நான் ஆச்சி வீட்டுக்குப் போனா திரும்ப ஸ்கூலுக்கு வர மாட்டேனாப்பா?" அவர் பொய் சொல்லவில்லை. சேர்ந்து அழுதார்கள். அப்புறம் அவள் தன் கலர் பென்சில் டப்பாவை எந்தத் தோழிக்குக் கொடுக்கணும் என்று சொன்னாள்.

இந்தத் தடவை பையில் எல்லாம் இருந்தது. வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் வாய்வழி மார்பின். வலிப்பு வந்தால் கன்னத்துக்குள் விடும் மிடாசோலம். மார்பின் என்றதும் தாத்தா பதறினார், போதை மருந்தாச்சே என்று. குழந்தைகளின் கடும் வலிக்கு நேரடியாக மார்பினுக்குப் போகச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே 2012-ல் வழிகாட்டியது. அளவு பார்த்துக் கொடுத்தால் அது மூச்சை நிறுத்தாது, மூச்சு முட்டும் பயத்தைக் குறைக்கும். 1985-ன் போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தியதில் இருந்து, அனுமதி பெற்ற மருத்துவ நிலையங்கள் இதை வாங்கி வைப்பது எளிதாகியிருக்கிறது. ஆனால் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. அங்கேதான் நாங்கள் சறுக்கினோம். இரண்டாவது வாரம் மருந்து தீரும் நேரம், அவள் சித்தப்பா ராத்திரி பைக்கில் நெல்லைக்கு ஓடினார். கூடுதலாகக் கொடுத்து அனுப்பியிருக்கணும். அது என் கணக்குத் தப்பு.

ஒரு கடிதமும் கொடுத்தேன். என்ன நோய், என்ன பேசினோம், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று யார் யார் சம்மதித்தார்கள் என்று எழுதி. பதறிப்போய் 108-ஐக் கூப்பிட்டால், வருபவர்கள் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். அது அவர்கள் கடமை. அந்த நேரத்தில் காட்ட ஒரு காகிதம் வேணும். பக்கத்தில் அம்பாசமுத்திரத்தில் இருந்து தெரிந்த நர்ஸ் ஒருவர் தினம் வந்து பார்த்தார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியபோது வீட்டிலேயே வலி நிவாரணப் பராமரிப்பு தருவதையும் அதில் சேர்த்தார்கள். குழந்தைகளைப் பார்க்கப் பழகியவர்கள் அதில் இன்னும் நிறைய வேணும். கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கியது இன்றைக்கு ஊர் ஊருக்குப் போயிருக்கிறது. உலக அளவில் இந்தப் பராமரிப்பு தேவைப்படுபவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பதினேழு நாள் இருந்தாள். முதல் வாரம் சாயங்காலம் தாமிரபரணிப் படித்துறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், காலைத் தண்ணீரில் நனைத்தார்கள். கடைசி ராத்திரி தொண்டையில் சளி சத்தம் அதிகமாக, ஆச்சி எனக்குப் போன் போட்டாங்க. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், இந்த மருந்தை இத்தனை மில்லி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வி வந்தது.

"டாக்டரம்மா, இப்ப புள்ளைக்கு வலி இருக்காது இல்லா?"

நெற்றி சுருங்கியிருக்கா, கை இறுகியிருக்கா, முனகுறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை. "அப்ப வலி இல்லை ஆச்சி" என்றேன். விடியக்காலை மூன்றரைக்குத் தகவல் வந்தது. எட்டு மணிக்கு எனக்கு டியூட்டி. போனேன். எங்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் அடுத்த படுக்கைக்குப் போகிறோம். இதைப் பற்றி ஒரு டீ குடிக்கும் நேரமாவது உட்கார்ந்து பேசும் பழக்கம் எங்கள் வார்டுகளில் வரணும்.

கடைசியாக ஒன்று. உங்கள் அக்கா பிள்ளையோ நண்பரின் குழந்தையோ இப்படி ஒரு நிலையில் இருந்தால், டாக்டரிடம் கேட்க நான்கு கேள்வி: இந்தச் சிகிச்சை நோயைக் குணமாக்குமா, நாளை மட்டும் தள்ளிப்போடுமா? இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்கலாமா? வீட்டுக்குப் போனால் வலிக்கும் மூச்சுக்கும் என்ன மருந்து, எவ்வளவு? ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடணும்? இந்த நான்குக்கும் பதில் வாங்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். உங்களால் குடும்பத்துக்கு வேறெதுவும் செய்ய முடியாவிட்டாலும், அந்த அறைக்குள் கூடப் போய் இதைக் கேளுங்கள். அந்த நேரத்தில் அப்பா அம்மாவுக்குக் கேள்வி வராது.

அந்த 2008 குழந்தையின் ஆச்சி இப்போ இல்லை. ஊருக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகப் போவேன். அந்த அப்பாவைப் பார்த்தால் நின்று பேசுவேன். அந்தப் படிவத்தைப் பற்றி மட்டும் இன்னும் பேசவில்லை. அடுத்த தடவை பேசணும்.